வாழை நாரும் வருங்காலமும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

'பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்' என்பது நம் முன்னோர் வாக்கு. நாருக்கென்று தனிப் பெருமை ஏதும் இல்லை, பூவின் தயவால்தான் அதற்கு மணம் கிடைக்கிறது என்பது இதன் பொருள். ஆனால் தோழியரே, சற்றே எண்ணிப் பாருங்கள்! நார் இல்லாவிடில் பூக்கள் யாவும் கூடையில் உதிரியாகக் கிடக்குமே அன்றி மாலையாகுமா? தன்னை மறைத்துக்கொண்டு மற்றவற்றைச் சேர்த்துப் பிடிப்பதே நாரின் தொழில். அத்தகைய நாரைப் பற்றி, சிறப்பாக நம் வாழை நாரைப் பற்றி, என் கருத்துகளை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இன்று உலகின் பல நாடுகளிலும் விஞ்ஞானிகள் தாவர நாரைப் பிரித்து, அதனுள் இருக்கும் மிக நுண்ணிய இழைகளை வெளியே எடுக்கிறார்கள். அவற்றுக்கு நானோ இழைகள் என்று பெயர். அவ்விழைகளைப் பிளாஸ்டிக் போன்ற பாலிமர்களோடு கலந்தால், எடை குறைந்ததும் உறுதி மிகுந்ததுமான கூட்டுப்பொருள் கிடைக்கிறது. இத்தொழில் நம் தமிழ்நாட்டில், வாழை விளையும் ஊர்களுக்கு அருகிலேயே தொடங்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் அது எப்படி வேண்டுமானாலும் வரட்டும் என்று நான் சொல்லமாட்டேன். சில நிபந்தனைகளோடுதான் வர வேண்டும். அவற்றையும் பின்னர் கூறுகிறேன்.

கூட்டுப்பொருள் என்றதும் இது ஏதோ அயல்நாட்டுச் சரக்கு என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் கிராமங்களில் மண் சுவர் எழுப்புகிறவர்கள் சேற்றோடு வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு மிதிப்பார்கள். மண் மட்டும் இருந்தால் காய்ந்ததும் வெடித்துவிடும். வைக்கோல் மட்டும் இருந்தால் சுவரே நிற்காது. இரண்டும் சேர்ந்தால் மழையையும் வெயிலையும் தாங்கும் சுவர் கிடைக்கும். மண் வடிவத்தைத் தருகிறது, வைக்கோல் விரிசலைத் தடுக்கிறது. கூட்டுப்பொருளின் தத்துவம் முழுவதும் இவ்வளவே. மண்ணுக்குப் பதிலாகப் பாலிமர், வைக்கோலுக்குப் பதிலாகக் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ தாவர இழையோ இருக்கும்.

தாவரத்திற்குள் இந்த வேலையை இயற்கை அன்னை என்றோ செய்து வைத்திருக்கிறாள். 1838-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் அன்செல்ம் பேயன் என்பவர் தாவரங்களின் செல் சுவரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துக் காட்டினார். அதுவே செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. இத்தகைய சங்கிலிகள் பல நெருங்கி அணிவகுத்து ஒரு நுண் இழையாகின்றன. அந்த இழைகளை லிக்னின் முதலிய பொருள்கள் பசைபோல் ஒட்டிப் பிடிக்கின்றன. ஆகவே நாம் பூத் தொடுக்கும் வாழை நாரே ஒரு கூட்டுப்பொருள்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. நமது தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோ மீட்டர். செல்லுலோஸ் நுண் இழையின் பருமனோ ஒரு சில நானோ மீட்டர் முதல் சில பத்து நானோ மீட்டர் வரைதான். இவ்வளவு மெல்லிய இழையில் வலிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். ஒரு கயிறு அதன் மிகப் பலவீனமான இடத்தில்தான் அறும். தடித்த இழையில் குறையும் கீறலும் ஒளிந்திருக்க இடம் அதிகம். இழை மெலிய மெலியக் குறைகளுக்கு இடமில்லாமல் போகிறது. கண்ணாடி இழை மெல்லியதாக ஆக ஆக அதன் வலிமை கூடுவதை ஆங்கில நாட்டு அறிஞர் கிரிஃபித் 1921-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அத்துடன், ஒரு பிடி நாரை நானோ இழைகளாகப் பிரித்தால் அதன் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. பிளாஸ்டிக் பற்றிக்கொள்ள அத்தனை இடமும் கிடைக்கிறது.

செல்லுலோஸ் படிகத்தை அதன் நீளவாக்கில் இழுத்துப் பார்த்தால், வளையாமல் விறைத்து நிற்கும் தன்மையில் அது எஃகின் தன்மையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. கண்ணாடி இழையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் எடையிலோ எஃகில் ஐந்தில் ஒரு பங்குதான்! உடனே வாழை நாரால் இரயில் பாலம் கட்டிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இது தனி ஒரு படிகத்தின் கணக்கு. பிளாஸ்டிக்கில் ஒரு சிறு பங்கு நானோ இழை கலப்பதால் அது எஃகாகிவிடாது. கலப்பதற்கு முன்பு இருந்ததைவிட உறுதியானதாக அமையும். அதுவே போதுமான இலாபம்.

இனி நம் நாட்டின் நிலையைக் காண்போம். உலகிலேயே வாழைப்பழம் மிகுதியாக விளைவது நம் இந்தியாவில்தான். திருச்சி, தேனி, தூத்துக்குடி, ஈரோடு ஆகிய மாவட்டங்களில் வாழைத் தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று 1993-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். குலையை வெட்டியதும் மரத்தையும் வெட்டிச் சாய்க்க வேண்டும். என் தாய்வழிப் பாட்டனாருக்குத் தொட்டியம் பக்கத்தில் சிறிது வாழைத் தோட்டம் உண்டு. அறுவடை முடிந்தபின் வெட்டிய மரங்களை அப்புறப்படுத்த அவர் கூலி கொடுத்து ஆள் வைக்கிறார். பொருளை விற்றுப் பணம் பெறுவது உலக வழக்கம். பணம் கொடுத்துப் பொருளை அகற்றும் நிலையில் நம் உழவர் இருப்பது வருந்தத் தக்கது அன்றோ?

காவிரிக் கரையில் நிலை இவ்வாறிருக்க, நம் குரோம்பேட்டை வீடுகளில் என்ன நிலை? என் தந்தையார் நம் புறநகர்ப் பகுதியில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் ஃபைபர் கிளாஸ் பொருள்கள் வார்க்கும் வேலை செய்கிறார். தண்ணீர்த் தொட்டி மூடி, இயந்திர உறை, பேருந்து இருக்கையின் முதுகுப்பலகை போன்றவற்றை அங்கே செய்கிறார்கள். கண்ணாடி இழையை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூள் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அந்தச் சட்டையை என் தாயார் மற்றத் துணிகளோடு சேர்த்து ஒருநாளும் ஊறவைக்க மாட்டார்கள். சேர்த்துத் துவைத்தால் எங்கள் பள்ளிச் சீருடையும் உடம்பில் குத்தும். கழுத்திலும் முழங்கையிலும் அரிப்பெடுத்து அவர் இரவில் உறங்காத நாள்கள் உண்டு. அந்தத் தொழிலால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிகிறது, நானும் படிக்கிறேன். ஆகையால் அத்தொழிலை நான் பழிக்கவில்லை. அதே அச்சில், அதே கைகளால், கண்ணாடிக்குப் பதில் தாவர இழையை வைத்து வார்க்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

இக்கேள்விக்கு விடை தேட நாம் அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டியதில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சாபு தாமஸ் அவர்களும் அவர்தம் மாணவர்களும் வாழை நாரிலிருந்தும் அன்னாசி இலை நாரிலிருந்தும் நானோ இழை பிரித்துக் காட்டியுள்ளனர். அவர்கள் கையாண்ட முறை நம் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைவூட்டுவது. நாரைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, பிறகு நீர்த்த ஆக்ஸாலிக் அமிலத்தோடு மூடிய பாத்திரத்தில் நீராவி அழுத்தத்தில் வைக்கிறார்கள். பின்னர் அழுத்தத்தைச் சட்டென்று விடுவிக்கிறார்கள். உள்ளே புகுந்த நீராவி திடீரென விரிந்து நாரைப் பிளந்துவிடுகிறது. லிக்னின் முதலிய பசைகள் கரைந்து போக, செல்லுலோஸ் நுண் இழைகள் எஞ்சுகின்றன. மும்பையில் 1924-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் பருத்தியிலிருந்து நானோ செல்லுலோஸ் தயாரிக்கும் மாதிரி ஆலை ஒன்றை அமைத்துள்ளது. ஆக, வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. தெரிந்த வழியில் நடக்கத்தான் தயங்குகிறோம்.

வெளிநாட்டார் தயங்கவில்லை. மர இழையை எளிதில் நானோ இழையாகப் பிரிக்கும் ஓர் இரசாயன முறையைக் கண்டதற்காக ஜப்பானிய அறிஞர் இசோகாய் அவர்களுக்கும் அவருடைய தோழர் இருவருக்கும் 2015-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு வழங்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் நானோ செல்லுலோஸ் கலந்த பாகங்களால் ஆன கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். அதைக் கியோட்டோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தியது. காரின் எடையைப் பத்து விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். எடை குறைந்தால் எரிபொருள் செலவு குறையும். எரிபொருள் குறைந்தால் புகையும் குறையும். ஜி.எஸ்.டி. சாலையில் பள்ளிக்கு நடந்து வரும் நமக்குப் புகையின் கொடுமையைச் சொல்லித் தெரிய வேண்டுமா?

நார்த் தொழில் நம் பகுதிக்குப் புதியதும் அன்று. பம்மலை அடுத்த அனகாபுத்தூர் இன்று நம்மைப் போலவே தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதி. அங்குள்ள நெசவாளர் ஒரு காலத்தில் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து கடல் கடந்து நைஜீரியா நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாணிபம் நின்றபின் பலர் தறியைக் கைவிட்டனர். மீதமிருந்தவர்களுள் சிலர் சோர்ந்துவிடாமல் வாழை நார், கற்றாழை நார், சணல் ஆகியவற்றை நெய்யத் தொடங்கினர். இருபத்தைந்து வகை இயற்கை நார்களைக் கொண்டு ஒரு சேலை நெய்து லிம்கா சாதனை நூலிலும் இடம் பெற்றனர். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அறிவு வளத்திற்கும் நமக்குக் குறைவில்லை. நம் இரயில் நிலையத்துக்கு அருகிலேயே எம்.ஐ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1949-ஆம் ஆண்டில் சி. இராஜம் அவர்களால் நிறுவப்பட்டு, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் அக்கல்லூரியில் இரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு துறை உண்டு. கிண்டியில் சிப்பெட் நிறுவனம் 1968-ஆம் ஆண்டு முதல் பிளாஸ்டிக் தொழிலுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் 1950-களில் விமானப் பொறியியல் கற்றது நம் எம்.ஐ.டி.யில்தான். அங்குச் சேரப் பணம் இல்லாதபோது அவருடைய தமக்கையார் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார் என்பதைத் தோழியர் நினைவில் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் ஐதராபாத்தில் இருந்தபோது, ஊனமுற்ற சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் கவசத்தைக் காலில் கட்டி இழுத்து நடப்பதைக் கண்டார். ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான கூட்டுப்பொருளைக் கொண்டு சுமார் 300 கிராம் எடையில் கவசம் செய்து தந்தார். கூட்டுப்பொருள் என்பது வெறும் கார் பாகம் செய்வதற்கு மட்டும் அன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

இதுவரை நன்மைகளையே கூறினேன். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது முறையன்று. நானோ இழைத் தொழிலில் இடர்ப்பாடுகளும் உள்ளன. செல்லுலோஸ் தண்ணீரை விரும்புவது. பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கோ எண்ணெயின் இனத்தைச் சேர்ந்தது. எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் ஒட்டாமல் விலகும், இழைகள் ஒன்றோடொன்று கட்டி பிடித்துக்கொள்ளும். இரண்டையும் இணைத்து வைக்க இடையே வேறொரு இரசாயனப் பொருள் தேவைப்படுகிறது. சுமார் இருநூறு டிகிரிக்கு மேல் சூடேற்றினால் இழை கருகத் தொடங்கும். நாரைப் பிளக்க மின்சக்தியும் நீரும் நிறையச் செலவாகும். ஆகவே இன்றைக்கு அது கண்ணாடி இழையைவிட விலை உயர்ந்ததாகவே இருக்கிறது. இவற்றைத் தீர்க்கும் பொறுப்பை ஆராய்ச்சியாளர்களிடம் விடலாம். ஆனால் எல்லாரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டிய மூன்று செய்திகள் உண்டு. அவற்றையே நான் நிபந்தனைகள் என்றேன்.

முதலாவது, நீர்நிலைகள் கெடக் கூடாது. நம் ஊருக்குப் பெயர் தந்ததே ஒரு தொழில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டை என்ற பெயர் வந்தது. தோல் பதனிடும் தொழில் நம் பகுதியில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் பெருகிய தோல் பதனிடும் இடங்களின் கழிவுநீர் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பின்னால்தான் வந்தது. கிணறு கெட்டபின் மருந்து தேடினால் பயன் என்ன? நாரை வேகவைக்கும் காரமும் அமிலமும் வெளுக்கும் மருந்தும் அவ்வாறே ஏரியில் இறங்கினால், 'பசுமைத் தொழில்' என்ற பெயர்ப் பலகை மட்டும் நம்மைக் காப்பாற்றுமா? சுத்திகரிப்பு நிலையம் கட்டிய பிறகே ஆலையின் முதல் அடுப்பு எரிய வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பிளாஸ்டிக்கோடு கலக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை டிராபன்ட் என்ற கார் செய்தார்கள். இரும்புத் தகடு கிடைப்பது அரிதாக இருந்தமையால் பருத்திக் கழிவு இழையை ஒருவகைப் பிசினோடு அழுத்தி அதன் மேற்பாகங்களைச் செய்தார்கள். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அந்த மேற்பாகங்கள் துருப்பிடிக்கவில்லை, நன்றாகத்தான் உழைத்தன. ஆனால் கார்கள் பழையதான பிறகு அந்தப் பாகங்களை உருக்கவும் முடியவில்லை, அவை மண்ணில் மட்கவும் இல்லை. தாவர இழை கலந்திருந்தும் குப்பை குப்பையாகவே நின்றது. நம் முப்பந்தல் காற்றாலைகளின் கண்ணாடி இழை இறக்கைகளுக்கும் இதே கதைதான். ஆகையால் வாழை நார் கலந்துவிட்டது என்பதற்காக ஒரு பிளாஸ்டிக்கைப் பசுமை என்று விளம்பரம் செய்வதை நான் ஏற்கமாட்டேன். மீண்டும் உருக்கி வார்க்கக் கூடியதாகவோ, மட்கக் கூடியதாகவோ உள்ள பாலிமரோடு சேரும்போதுதான் அப்பெயருக்கு அது தகுதி பெறும். அன்றியும், ஒரு முறை பயன்படுத்தி எறியும் பொருள்களுக்கு இந்த அரிய இழையை வீணாக்கக் கூடாது. நெடுநாள் உழைக்க வேண்டிய பொருள்களுக்கே இது பயன்பட வேண்டும்.

மூன்றாவது, உழவருக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும். வாழை மரம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை அப்படியே லாரியில் ஏற்றி நூறு மைல் கொண்டுபோவது தண்ணீரைச் சுமப்பதற்கு ஒப்பாகும். ஆகவே நார் பிரிக்கும் இயந்திரங்கள் கிராமத்திலேயே, கூட்டுறவு முறையில், பெண்கள் சுய உதவிக் குழுக்களின் கையில் இருப்பதே சிறந்தது. நார் எடுத்தபின் எஞ்சும் சக்கையை உரமாக்கி மீண்டும் அதே நிலத்துக்குக் கொடுக்க வேண்டும். வாழை மண்ணிலிருந்து சாம்பல் சத்தை மிகுதியாக உறிஞ்சும் பயிர். மரம் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விட்டால் நிலம் ஏழையாகும், பிறகு உழவரும் ஏழையாவார். நாருக்கு நியாயமான விலையை முன்கூட்டியே நிர்ணயம் செய்யாவிட்டால், இன்று கூலி கொடுத்து அகற்றும் மரத்தை நாளை இடைத்தரகர் இலவசமாகக் கேட்பார்.

'இதெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டிய காரியம், பத்தாம் வகுப்பு மாணவிக்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் கேட்கலாம். நான் அவ்வாறு நினைக்கவில்லை. இன்னும் பத்தாண்டுகளில் ஆராய்ச்சிக் கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கப் போகிறவர்கள் நாமே. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்ற பேச்சு இப்போது நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. மருத்துவம், கணிப்பொறி என்ற இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்று இருப்பதாகவே பலர் நினைப்பதில்லை. அதிலும் பட்டறையும் இயந்திரமும் பெண்களுக்கு ஒத்துவராது என்று சொல்லி வாயடைத்து விடுகிறார்கள். நாரை உரித்து, நனைத்து, முறுக்கி, பூவைத் தொடுத்து வந்தவை தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கைகள் அல்லவா? அந்தக் கைகளுக்கு அந்த நாரின் விஞ்ஞானம் மட்டும் எப்படி ஒத்துவராமல் போகும்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். எம்.ஐ.டி., சிப்பெட் போன்ற நிறுவனங்கள் நம் பள்ளி மாணவியருக்கு ஆண்டுக்கொரு நாளாவது தங்கள் ஆய்வுக்கூடங்களைத் திறந்து காட்ட வேண்டும். அரசு, வாழை விளையும் மாவட்டம் ஒன்றிலேனும் ஒரு மாதிரி ஆலையை, மேற்கூறிய நிபந்தனைகளோடு அமைத்துப் பார்க்க வேண்டும். சிறு பட்டறைகளில் கண்ணாடித் தூளில் உழைப்பவர்களுக்குப் புதிய இழையில் பயிற்சி தரவேண்டும். அதுவரை, குறைந்தபட்சம் முகமூடியும் கையுறையும் கொடுக்க வேண்டும். அதற்கு நானோ விஞ்ஞானம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும். நாமும் நம் பங்குக்கு, நம்மைச் சுற்றி 'கழிவு' என்று ஒதுக்கப்படும் ஒவ்வொன்றையும் இன்னொரு முறை உற்றுப் பார்க்கப் பழகுவோமாக. தென்னை மட்டையும் கரும்புச் சக்கையும் வைக்கோலும் அதே செல்லுலோஸ்தான். அவற்றுள் உறங்கும் வலிமையை எழுப்பும் நாள் வரும்போது அக்கூட்டத்தில் நம் பள்ளி மாணவியரும் இருக்க வேண்டும் என்பதே என் ஆவல்.

உழைப்போம்! உயர்வோம்!